நண்பர்களுடன் தஸ்கனிக் கிராமப்புறத்தில் ஒரு நாள் பேருந்துப் பயணம்: முழுமையான வழிகாட்டி

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் காலை 8 மணியளவில் பேருந்தில் ஏறி, தஸ்கனியின் குன்றூர்களையும் திராட்சைத் தோட்டங்களையும் சுற்றிவிட்டு இரவு 8 மணியளவில் திரும்பும் பயணத்தைப் பற்றியது இக்கட்டுரை. வழிகாட்டியும் ஓட்டுநரும் உடன் இருப்பதால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்ற எண்ணத்தில்தான் பலர் இதற்குப் பணம் கட்டுகிறார்கள். ஊரிலிருந்து வரும் நண்பர்களை அழைத்துக்கொண்டு சில முறை போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நாள் நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் பேருந்தில் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே இங்குள்ள படிகளில் பாதி, முந்தைய வாரங்களில் செய்ய வேண்டியவை.

1. முதலில் நேரக் கணக்கைப் போடுங்கள்

மிகுதியாக விற்பனையாகும் பயணம் சியனா, சான் ஜிமின்யானோ, பைசா ஆகிய மூன்று ஊர்களையும், நடுவே கியாந்திப் பகுதியில் ஒரு திராட்சைப் பண்ணையில் மதிய உணவையும் கொண்டது. பட்டியலைப் பார்த்தால் நிறைவாகத் தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு விதமாகத் தெரியும்.

புளோரன்ஸிலிருந்து சியனா ஏறத்தாழ 75 கிலோமீட்டர். சியனாவிலிருந்து சான் ஜிமின்யானோ 45 கிலோமீட்டர் அளவில். அங்கிருந்து பைசா 75 கிலோமீட்டரை ஒட்டி. பைசாவிலிருந்து புளோரன்ஸ் சுமார் 85 கிலோமீட்டர். வளைந்த சாலைகளையும் நெரிசலையும் சேர்த்தால் இருக்கையில் அமர்ந்திருக்கும் நேரம் மட்டும் 5 மணிக்குக் குறையாது. மதிய உணவுக்கு ஒன்றரை மணி, சியனாவில் வழிகாட்டியுடன் நடப்பதற்கு ஒன்றேகால் மணி, மூன்று ஊர்களிலும் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஊருக்குள் போய் வருவதற்கு மொத்தம் ஒன்றரை மணி ஆகியவற்றைக் கழியுங்கள். 12 மணி நேரத்தில் உங்கள் விருப்பப்படி செலவிடக் கிடைப்பது இரண்டேமுக்கால் மணி நேரம்தான். அதுவும் மூன்று துண்டுகளாகக் கிடைக்கும்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எந்தப் பயணம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். புளோரன்ஸில் உங்களுக்கு இன்னொரு அரை நாள் இருந்தால், பைசாவை விட்டுவிட்டு இரண்டு குன்றூர்கள் மட்டுமுள்ள பயணத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் பரிந்துரை. பைசாவுக்கு புளோரன்ஸிலிருந்து நேரடி ரயில் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போய்ச் சேர்ந்துவிடும். சான் ஜிமின்யானோவிலோ ரயில் நிலையமே இல்லை. ரயிலில் எளிதாகப் போகக்கூடிய ஊருக்காகப் பேருந்து நேரத்தைச் செலவழிப்பது வீண்.

பியென்சா, மோந்தெபுல்ச்சானோ போன்ற ஊர்களைக் கொண்ட ஓர்ச்சா பள்ளத்தாக்குப் பயணமும் உண்டு. நிலக்காட்சியைப் பொறுத்தவரை அதுவே சிறந்தது; ஆனால் போகும்போதும் வரும்போதும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சாலையிலேயே கழியும் என்பதை ஏற்றுக்கொள்பவர்களுக்கே பொருந்தும்.

2. நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஜூன் நடு வரையிலும், செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடு வரையிலும் நடப்பதற்கு ஏற்ற வெப்பநிலை இருக்கும். மே மாதத்தில் கோதுமை வயல்கள் பச்சையாக இருக்கும். செப்டம்பரில் திராட்சை அறுவடை நடக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் 35 பாகையைத் தாண்டுவது சாதாரணம். நிழலற்ற கல் சதுக்கத்தில் மதியம் நிற்பது ஊர் வெயிலுக்குப் பழகியவர்களையும் சோர்வடையச் செய்யும்.

ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய இரு நாட்களில் சியனாவின் நடுச் சதுக்கத்தில் பாலியோ குதிரைப் பந்தயம் நடக்கிறது. அதற்கு முந்தைய சில நாட்களில் சதுக்கத்தில் மண் பரப்பித் தடுப்புகள் கட்டிவிடுவார்கள். பந்தயத்துக்காகவே போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலையும் வேண்டாம். வழிபாட்டு நேரத்தில் பேராலயங்களுக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை.

3. முன்பதிவுக்கு முன் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டியவை

புதியவர்கள் மிகுதியாக ஏமாறுவது "வழிகாட்டியுடன்" என்ற சொல்லில்தான். இத்தாலியில் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி வேறு, குழுவுடன் பேருந்தில் வரும் துணையாளர் வேறு. நேரத்தைக் கவனிப்பதும், ஏறி இறங்கச் சொல்வதும், பொதுவான தகவல்களைத் தருவதும் துணையாளரின் வேலை. நினைவிடங்களையும் ஆலயங்களையும் விளக்கிச் சொல்வது உரிமம் பெற்ற வழிகாட்டியின் பணி. ஆகவே எந்த ஊரில், எத்தனை நிமிடம், எந்த மொழியில் உரிமம் பெற்ற வழிகாட்டி வருவார் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மொழிகளில் மாறிமாறிப் பேசும் பயணங்களும் உண்டு. அவற்றில் உங்களுக்குப் புரியும் விளக்கம் பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது நுழைவுக் கட்டணம். சியனா பேராலயத்துக்கான சீட்டு பயணத்தில் அடங்குமா அல்லது வெளியிலிருந்து பார்ப்பது மட்டும்தானா என்று பாருங்கள். "பார்வையிடுதல்" என்ற சொல் உள்ளே போவதைக் குறிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மூன்றாவது, ரத்துசெய்யும் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் தொகுப்புப் பயணச் சட்டம் தரும் பாதுகாப்பு, இரவுத் தங்கல் இல்லாத, 24 மணி நேரத்துக்குக் குறைவான பயணங்களுக்குப் பொருந்தாது. இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாட்களுக்குள் திருப்பித் தரும் உரிமையும், தேதி குறித்து வாங்கிய இத்தகைய பயணச்சீட்டுக்குக் கிடையாது. எனவே சீட்டில் எழுதியிருப்பதே விதி. எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒருவருக்காவது கடைசி நாளில் காய்ச்சல் வரும் என்று எண்ணி, 24 மணி நேரத்துக்கு முன்பு வரை இலவசமாக ரத்துசெய்யக்கூடிய சீட்டையே வாங்குங்கள்; சற்று விலை கூடினாலும் பரவாயில்லை.

கடைசியாக, எல்லோருக்கும் ஒரே பதிவில் சீட்டு வாங்குங்கள். நான்கு பேர் ஒரு பதிவிலும் மூன்று பேர் மற்றொன்றிலும் வாங்கி, காலையில் இரண்டு வெவ்வேறு பேருந்துகளில் ஏற்றப்பட்ட குழுவைப் பார்த்திருக்கிறேன். ஒரே நேரத்தில் ஒரே நிறுவனத்திலிருந்து பல பேருந்துகள் கிளம்புவது வழக்கம்.

4. குழுவுக்குள் முன்கூட்டியே பேசி முடியுங்கள்

நண்பர்கள் என்பதாலேயே இந்தப் படியைத் தவிர்த்துவிடுகிறார்கள். பிறகு சதுக்கத்தின் நடுவில் நின்று இருபது நிமிடம் விவாதிக்கிறார்கள். இரண்டேமுக்கால் மணி நேரத்தில் இருபது நிமிடம் சிறிய இழப்பு அல்ல.

சீட்டுகளை வைத்திருப்பவர் ஒருவர், பேருந்து கிளம்பும் நேரத்தைக் கவனிப்பவர் ஒருவர், பொதுச் செலவைக் கையாளுபவர் ஒருவர் என்று மூவரை நியமியுங்கள். மூன்றையும் ஒருவரே ஏற்றுக்கொண்டால் அவர் அன்று எதையும் பார்க்க மாட்டார். பொதுச் செலவுக்கு ஆளுக்கு 20 யூரோ முன்பே வாங்கி ஒரே பையில் வையுங்கள். காப்பிக்கும் கழிப்பறைக்கும் சில்லறை பிரித்துக்கொண்டிருக்கும் தொல்லை இதனால் தீரும்.

குழுவை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொருவரும் தம் துணையைப் பார்த்துக்கொள்ளும்படி செய்யுங்கள். தலை எண்ணுவதைவிட இது நம்பகமானது. தலை எண்ணுகிறவர் தம்மைச் சேர்த்து எண்ணினாரா, இல்லையா என்ற ஐயம் ஒவ்வொரு முறையும் எழுகிறது.

முழங்கால் வலி உள்ளவர் இருந்தால் அதை முன்பதிவின்போதே சொல்லுங்கள். இரு குன்றூர்களும் சரிவான கல் தெருக்களால் ஆனவை. பழைய நகர்ப்பகுதிக்குள் வெளி வண்டிகளைக் கட்டுப்படுத்தும் விதி இருப்பதால் பேருந்து வாசலுக்கு வெளியே இறக்கிவிட்டுப் போய்விடும். வழியில் "முடியவில்லை" என்று சொல்பவரை ஏற்றிக்கொள்ளப் பேருந்து உள்ளே வர இயலாது.

5. முந்தைய நாள் ஆயத்தம்

கூடுமிடத்தை முந்தைய மாலையே நேரில் நடந்து பார்த்துவிடுங்கள். பல பயணங்கள் சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியிலிருந்து கிளம்புகின்றன. நிலையத்துக்குப் பல வாயில்கள் இருப்பதால் "நிலையத்தருகே" என்ற குறிப்பு மட்டும் போதாது. தவறான பக்கம் வெளியேறினால் பத்து நிமிடம் போய்விடும்.

பையில் இருக்க வேண்டியவை சிலவே: பழகிய தட்டையான காலணி, தோளை மூடும் துண்டு அல்லது துப்பட்டா, தொப்பி, காலித் தண்ணீர்க் குப்பி, ஒரு யூரோ மற்றும் ஐம்பது சென்ட் நாணயங்கள், கடவுச்சீட்டு. துண்டு எதற்கு என்றால், பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். இது கோடையிலும் தளர்த்தப்படுவதில்லை. புதுக் காலணி கூடாது. மழை பெய்தால் அந்தக் கல் தளம் வழுக்கும்.

குப்பியைக் காலியாக எடுத்துப்போகலாம். ஊர்களில் பொதுக் குழாய்கள் உண்டு. "அக்குவா போத்தாபிலே" என்று எழுதியிருந்தால் குடிக்கலாம். முன்னால் "நொன்" என்று சேர்ந்திருந்தால் குடிக்கக் கூடாது.

6. காலையும் இருக்கையும்

குறித்த நேரத்துக்கு 20 நிமிடம் முன்பே சேருங்கள். சாளரக் காட்சிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கியாந்தியின் குன்றுச் சாலை வளைந்துகொண்டே போகும். பேருந்தில் குமட்டல் வருபவர்கள் முன் வரிசைகளிலோ நடுப்பகுதியிலோ அமர்ந்தால்தான் தாங்கும். கடைசி வரிசையில் எல்லோரும் சேர்ந்து அமரலாம் என்ற ஆசை, இரண்டாவது வளைவில் கரைந்துவிடும். குமட்டலுக்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும்; குமட்டிய பின் போட்டால் பயன் குறைவு.

இருக்கைப் பட்டை இருக்கும் பேருந்தில் அதை அணிவது கட்டாயம். காதொலிக் கருவி தந்தால் பேருந்திலேயே அலைவரிசையைச் சரிபாருங்கள். தெருவில் இறங்கிய பின் பழுது தெரிந்தால் மாற்றித் தர அங்கே இன்னொன்று இருக்காது.

வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தினால், இத்தாலியின் ஒரு வழக்கத்தை அறிந்திருக்க வேண்டும். அங்கே முதலில் பணப்பெட்டியில் பணம் கட்டி ரசீது வாங்கி, பிறகு அதைக் காப்பி மேடையில் காட்ட வேண்டும். இதை அறியாமல் மேடையில் நெடுநேரம் காத்திருப்பவர்கள் பலர். இன்னொன்று: "லாத்தே" என்று மட்டும் கேட்டால் காப்பி கலக்காத பால் வரும். பேருந்தின் கழிப்பறை பூட்டியே இருக்கலாம். அதனால் ஓய்விடத்தில் முதலில் கழிப்பறை, பிறகு காப்பி என்ற வரிசையைப் பின்பற்றுங்கள்.

7. சியனா: கூடுமிடத்தை முதலில் குறியுங்கள்

வழிகாட்டி விளக்கத்தைத் தொடங்கும் முன், திரும்ப எங்கே, எப்போது கூட வேண்டும் என்பதைக் கேட்டு, அறிவிப்புப் பலகையுடன் அந்த இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சியனாவின் சுற்றுலாப் பேருந்துகள் ஏற்றுமிடம் சில நேரம் இறக்கிய இடத்திலிருந்து வேறாக இருக்கும்.

நேரம் 24 மணிக் கணக்கில் சொல்லப்படும். எங்கள் குழுவில் ஒரு நண்பர் 16:15 என்பதை ஆறேகால் என்று பதிந்துகொண்டு நிதானமாக ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார். அவரைத் தேடி இருவர் ஓட, ஐம்பது பேர் பேருந்தில் காத்திருக்க நேர்ந்தது. அதன் பிறகு நேரத்தை நான்கேகால் என்று வாய்விட்டுச் சொல்லி, எல்லோர் கைப்பேசியிலும் பத்து நிமிடம் முன்னதாக மணி வைக்கச் செய்கிறோம்.

குழுவாகப் பிரிய நேர்ந்தால் சேருமிடமாக, நடுச் சதுக்கமான கம்போவின் மேல் விளிம்பிலுள்ள ஃபோந்தே காயா நீரூற்றை வைத்துக்கொள்ளுங்கள். சதுக்கம் சிப்பி வடிவில் நகராட்சி மாளிகையை நோக்கிச் சரிகிறது. "சதுக்கத்தில் சந்திப்போம்" என்றால் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க இயலாது.

கிடைக்கும் தனி நேரம் ஒரு மணியளவுதான் என்றால், பேராலயமா, மாஞ்ஜியா கோபுரம் ஏறுவதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கோபுரத்தில் ஒரு நேரத்தில் குறைந்த எண்ணிக்கையினரையே விடுவதால் வரிசை நகராது. ஒரு நாள் பயணத்தில் அதை விடுவதே சரி. பேராலயத்தின் பளிங்குத் தளச் சித்திரங்களைப் பெரும்பகுதி ஆண்டில் மூடி வைக்கிறார்கள். கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் சில வாரங்கள் மட்டுமே முழுமையாகத் திறக்கிறார்கள். உங்கள் தேதி அதற்குள் வந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

சதுக்கத்தை நோக்கிய மேசையில் அமர்ந்து அருந்தும் காப்பிக்கும், மேடையருகே நின்று அருந்தும் காப்பிக்கும் விலை வேறு. அமர்வதற்கு முன் விலைப்பட்டியலைப் பாருங்கள். அமர்ந்து உண்ணும் உணவகத்தில் ரசீதில் "கொப்பெர்த்தோ" என்று வருவது மேசைக் கட்டணம்; ஏமாற்று என்று எண்ணிச் சண்டையிட வேண்டாம்.

8. பண்ணையில் மதிய உணவு

சைவ உணவினர் தம் தேவையை முன்பதிவின்போதே சொல்லியிருக்க வேண்டும். ஐம்பது பேருக்கு ஒரே வகையில் சமைத்து வைத்திருக்கும் இடத்தில், மேசையில் அமர்ந்த பின் சொன்னால் வருவது இலைகளும் ரொட்டியும்தான்.

முதலில் வரும் சிறு வறுத்த ரொட்டித் துண்டுகளின் மேல் கரும்பழுப்பு நிறத்தில் தடவியிருப்பதைக் காளான் என்று எண்ணி உண்டுவிடுபவர்கள் உண்டு. தஸ்கனியில் அது பெரும்பாலும் கோழி ஈரல். "பெப்பெரோனி" என்ற சொல்லைக் கண்டு இறைச்சி என்று அஞ்ச வேண்டாம். இத்தாலியத்தில் அது குடைமிளகாய். "ரகு" என்பது இறைச்சிக் குழம்பு, "சிங்கியாலே" காட்டுப்பன்றி.

முட்டையும் தவிர்ப்பவர்கள் "சென்சா உவோவா" என்று சொல்ல வேண்டும். புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் முட்டை சேர்வது வழக்கம். சியனாப் பகுதியின் தடித்த நூல் போன்ற பீச்சி மட்டும் மரபாக மாவும் நீரும் கொண்டு செய்யப்படுவது. பூண்டும் தக்காளியும் சேர்ந்த "பீச்சி அல்லாலியோனே" நம் நாவுக்கு மிகவும் ஒத்துப்போகும். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது என்பதால் கண்டிப்பான சைவர்கள் அதையும் விலக்க வேண்டியிருக்கும். ரொட்டியில் உப்பு இல்லையே என்று திருப்பி அனுப்பாதீர்கள். தஸ்கனி ரொட்டியே அப்படித்தான்.

மது அருந்துபவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும்: சுவைக்கத் தரும் மூன்று நான்கு கிண்ணங்களுக்குப் பிறகு, வெயிலில் சான் ஜிமின்யானோவின் ஏற்றத்தில் நடக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் சிறிது சுவைத்துவிட்டு மீதியை மேசையிலுள்ள கலத்தில் ஊற்றுவது அங்கே மரியாதைக்குறைவு அல்ல. உணவின் முடிவில் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு அனுப்புவதற்கான படிவம் வரும். உங்கள் நாட்டின் சுங்கவரியை அறியாமல் அந்த உற்சாகத்தில் கையெழுத்திடாதீர்கள். ஒரு குப்பி வாங்கினாலும் பல விமான நிலையங்களில் அதைக் கைப்பையில் விடமாட்டார்கள்.

9. சான் ஜிமின்யானோ: மேலே போய்விட்டுத் திரும்பும்போது வாங்குங்கள்

தெற்கேயுள்ள சான் ஜொவான்னி வாசல் வழியாக நுழைந்தால் கடைத்தெரு தொடங்கிவிடும். குழுவில் பாதிப் பேர் முதல் கடையிலேயே நின்றுவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி அங்கேயே போய்விடும். நிற்காமல் மேலேறி சிஸ்தெர்னா சதுக்கம், அடுத்த ஆலயச் சதுக்கம், அதற்கும் மேலே பழைய கோட்டைத் திடல் என்று நேராகப் போங்கள். கோட்டைத் திடலிலிருந்து எஞ்சியுள்ள 14 கோபுரங்களில் பலவற்றையும் சுற்றுப்புறக் குன்றுகளையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். இறங்கும் வழி முழுவதும் பேருந்தை நோக்கியே சரிவதால், மீதமுள்ள நேரத்துக்கு ஏற்பக் கடைகளில் நிற்கலாம்.

54 மீட்டர் உயரப் பெருங்கோபுரத்தில் ஏற விரும்புபவர்கள் சிஸ்தெர்னா சதுக்கத்தின் ஐஸ்கிரீம் வரிசையைத் துறக்க வேண்டும். இரண்டுக்கும் நேரம் இருப்பதில்லை.

10. பைசா உங்கள் பயணத்தில் இருந்தால்

இத்தாலியர்கள் "பீசா" என்பார்கள். பேருந்து நிறுத்துமிடத்திலிருந்து சதுக்கத்துக்குப் போவதற்கே கால் மணி நேரம் ஆகும். சாய்ந்த கோபுரத்தில் ஏறுவதற்கு நேரம் குறித்த சீட்டு வேண்டும். பைகளை வைப்பறையில் ஒப்படைக்க வேண்டும். 8 வயதுக்குட்பட்டவர்களை விடுவதில்லை. பேருந்து நெரிசலில் தாமதித்தால் குறித்த நேரம் கடந்துவிடும். ஆகவே பயண ஏற்பாட்டாளரே சீட்டு வாங்கித் தந்தாலன்றித் தனியாக வாங்காதீர்கள். கோபுரத்தைத் தாங்குவது போல் படம் எடுப்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வேண்டாம் என்று சொன்னாலும் நண்பர்கள் எடுப்பார்கள்.

11. பேருந்து ஏன் காத்திருக்காது, தவறினால் என்ன செய்வது

ஐரோப்பிய விதிப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். அன்றாட ஓட்டும் நேரத்துக்கும் இரவு ஓய்வுக்கும் வரம்பு உண்டு. வண்டியிலுள்ள கருவி இதைப் பதிவுசெய்கிறது. ஏற்றி இறக்கும் இடங்களிலும் நெடுநேரம் நிற்க அனுமதி இல்லை. துணையாளர் கடுமையாகப் பேசுவது இதனால்தான்.

துணையாளரின் கைப்பேசி எண்ணைக் காலையிலேயே இருவராவது பதிந்துகொள்ளுங்கள். தாமதம் ஆகும் என்று தெரிந்தவுடன் அழைத்தால், சில நேரம் அடுத்த ஊருக்கு எப்படி வந்து சேரலாம் என்று அவரே சொல்வார்.

சியனாவில் தவறவிட்டால், நகர விளிம்பிலிருந்து புளோரன்ஸுக்கு நேரடிப் பேருந்து உண்டு. குன்றின் கீழே ரயில் நிலையமும் உண்டு. சான் ஜிமின்யானோவில் என்றால் பேருந்தில் பொஜ்ஜிபோன்சி சென்று அங்கிருந்து ரயில் பிடிக்க வேண்டும். ஞாயிறன்று பேருந்துகள் குறைவு. பைசாவில் நடுவண் நிலையம் கோபுரத்திலிருந்து அரை மணி நேர நடை. ரயில் பலகைகளில் புளோரன்ஸ் என்று இருக்காது, "ஃபிரென்சே" என்றுதான் இருக்கும். தாளில் வாங்கிய வட்டார ரயில் சீட்டை ஏறுவதற்கு முன் நடைமேடையிலுள்ள கருவியில் முத்திரையிட வேண்டும், இல்லையேல் அபராதம். உடல்நலம் தொடர்பான அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 112.

12. இறங்கும் முன்

இருக்கை இடுக்கு, மேல் தட்டு, முன்னிருக்கையின் வலைப்பை ஆகிய மூன்றையும் துணை நண்பர் பார்க்க வேண்டும். தம் பொருளைத் தாமே தேடும்போது கண் தவறுகிறது. காதொலிக் கருவியைத் திருப்பித் தாருங்கள். வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் அன்பளிப்பு கட்டாயம் இல்லை. தர விரும்பினால் குழுவின் பொதுப் பையில் மிஞ்சியதிலிருந்து தனித்தனியே கொடுங்கள், ஒருவரிடம் கொடுத்துப் பகிர்ந்துகொள்ளச் சொல்லாதீர்கள். இரவு உணவுக்கு 8 மணிக்கு மேசை பதிந்து வைக்காதீர்கள். புளோரன்ஸுக்குள் நுழையும் மாலை நெரிசலில் அரை மணி தாமதம் இயல்பானது. 9 மணிக்குப் பதிந்தால் இத்தாலியில் யாரும் வியப்படைய மாட்டார்கள்.